பிள்ளையின் சுதந்திரமும் தாயின் உழைப்பும்

சுதந்திரம் விலையின்றிக் கிடைப்பதன்று. அதனை நுகர்கின்றவர் அதற்குரிய விலையைக் கொடுக்கவில்லையாயின், அவருக்காக வேறொருவர் கொடுத்துக்கொண்டிருக்கின்றார் என்பதே பொருள். நாடுகளின் வரலாற்றைப் பேசும்போது இவ்வுண்மையை எளிதில் ஒப்புக்கொள்ளும் நம்மவர், தம் வீட்டு அடுக்களையைச் சுட்டி இதனைச் சொன்னால் முகஞ்சுளிக்கின்றனர். மரக்காட்டின் நடுவே அமைந்த தோட்டத்து வீடுகளில் நம் ஆண் பிள்ளைகள் அனுபவிக்கும் சுதந்திரம் பெரிது. அதற்கு விலை கொடுப்பவர் யார்? அவ்விலை நியாயமானதா? இவ்விரு வினாக்களையே ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

முதலில் இடத்தைச் சிறிது நோக்குவோம். பாகான் செராயை உள்ளிட்ட கிரியான் வட்டாரம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கரும்புத் தோட்டங்களுக்கென ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் கொணரப்பட்ட இடங்களுள் ஒன்று. 1906-இல் புக்கிட் மேரா நீர்த்தேக்கமும் அதன் வாய்க்கால்களும் அமைந்தன, நெல்வயல்கள் செழித்தன. 1910-இல் இந்தியரைக் கொணரும் ஒப்பந்தக்கூலி முறை ஒழிந்தது. கரும்பு மறைந்தது, கித்தா மரம் எழுந்தது. இந்நாளில் கித்தாவும் பெரும்பாலும் செம்பனைக்கு இடங்கொடுத்துவிட்டது. ஆகவே, நம்மவர் உழைத்த மண்ணில் பயிர் மாறிற்று, முதலாளி மாறினான், கொடியும் மாறிற்று. மாறாதது ஒன்றுண்டு. வேலை முடிந்து வீடு திரும்பியபின் அடுப்பை மூட்டுகின்றவர் யார் என்பதே அது.

இனி அவ்வீட்டில் வளரும் சிறுவனின் வாழ்வைக் காண்போம். அவ்வாழ்வில் இன்பம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. வெயில் ஏறிய பகலில் கித்தாக் காய் படீரென்று வெடித்து விதை சிதறுவதை அவன் கேட்கின்றான். சிதறிய விதைகளைப் பொறுக்கிச் சட்டைப்பையை நிரப்புகின்றான். வாய்க்காலில் தூண்டில் போடுகின்றான். கவண் செய்யத் தக்க கிளை எது, எளிதில் முறியும் கிளை எது என்பதை அவனுக்கு எந்த ஆசிரியரும் கற்பிக்கவில்லை. அட்டை கடித்தால் அலறாமல் எடுத்தெறிகின்றான். புற்றைக் கண்டால் ஒதுங்குகின்றான். காற்றின் மணத்தைக்கொண்டு மழை வருமென்று சொல்கின்றான். நகரத்து மாடிவீட்டில் அடைபட்டு வளரும் செல்வப் பிள்ளைக்கு வாய்க்காத கல்வி இஃது. இதனைக் காட்டுமிராண்டித்தனம் என்று இகழ்வாரோடு நாம் சேரவில்லை. பிள்ளையின் கண்ணும் கையும் காலும் அச்சமின்றி வளர்வதற்கு மரமும் நீரும் வெட்டவெளியும் வேண்டும் என்பதே நம் கருத்துமாகும்.

ஆனால் அச்சிறுவன் காட்டில் திரிந்து களைத்து வீடு திரும்பும்போது, சோறு ஆக்கப்பட்டிருக்கின்றது. சேறு படிந்த சட்டை மறுநாள் வெளுத்துக் கொடியில் தொங்குகின்றது. அவன் உண்ட தட்டு தானே கழுவப்பட்டுவிடுகின்றது. இவையெல்லாம் காய் வெடிப்பதுபோலவும் மழை பெய்வதுபோலவும் இயற்கையாகவே நிகழ்வன என்று அவன் எண்ணுகின்றான். அவ்வாறு அவன் எண்ணும்படி விட்டதே பெற்றோர் அவனுக்குச் செய்த முதல் தீங்கு.

பால்மரம் வெட்டிய தலைமுறையின் தாய் எவ்வாறு வாழ்ந்தாள் என்பதை எண்ணிப் பார்க்கட்டும். வெயில் ஏறுமுன் மரத்தின் பாலோட்டம் மிகுதி. வெப்பம் கூடக்கூட அது தளர்ந்துவிடும். ஆதலின் விடியும்போதே நிரையில் நிற்றல் வேண்டும். அதற்குமுன் பெரட்டுக்குச் செல்ல வேண்டும். அதற்கும் முன், இருட்டிலேயே எழுந்து அடுப்பு மூட்டிக் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் உணவு ஆக்கி, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டாக வேண்டும். பின் நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி, மங்குகளில் வழிந்த பாலைச் சேர்த்து, வாளி சுமந்து நிறுவைக் கொட்டகைக்கு நடந்தாள். அவளுடன் அதே வேலையைச் செய்த கணவன் வீடு திரும்பியதும் திண்ணையில் சாய்ந்தான். அல்லது கள்ளுக்கடைக்கு நடந்தான். அவளோ விறகுக்கும் தண்ணீருக்கும் துணிமூட்டைக்கும் திரும்பினாள். இருவருக்கும் காடு ஒன்றே, மரம் ஒன்றே, வெயிலும் ஒன்றே. எனினும் 1920-களின் இறுதியில் இத்தகைய தோட்டங்களுக்கு வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. தோட்டத்தில் குறைந்த கூலி. வீட்டில் கூலியே இல்லை.

தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதும் தொழிலுடைய நாம், செக்ரோலின் இயல்பை நன்கு அறிவோம். எவர் எத்தனை நாள் வேலைக்கு வந்தார், எத்தனை எடை கொணர்ந்தார் என்பன அதில் பிழையின்றி ஏறும். ஆனால் விடியுமுன் அடுப்பெதிரே கழிந்த நேரத்திற்கு அதில் கட்டம் இல்லை. மாலையில் சுமந்த விறகிற்கும் கட்டம் இல்லை. கணக்கில் ஏறாத உழைப்பை உழைப்பென்றே மக்கள் கருதுவதில்லை. தாயின் உழைப்பு அன்பென்று பெயர் பெற்றதும் இவ்வாறே. அன்பென்று பெயரிட்டுவிட்டால் கூலி கேட்கவும் முடியாது; ஓய்வு கேட்கவும் முடியாது அன்றோ?

இன்று தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும் பயிர் மாறியும் போயின. லயத்து வீடுகளை விட்டு வெளியேறிய குடும்பங்கள் அநேகம். கூலியும் சட்டமும் முன்னைப்போல் இல்லை. ஆயினும் விடியுமுன் பேருந்தேறிப் பிறையிலும் பினாங்கிலும் உள்ள தொழிற்சாலைகளுக்குச் செல்லும் இத்தலைமுறைத் தாய், அதற்குமுன் எழுந்து அடுப்பு மூட்டுகின்றாள். விறகு போய் எரிவாயு வந்தது. வாளி போய்க் குழாய் வந்தது. எழுகின்றவள் மட்டும் அவளே.

தாயின் தோள் போதாதபோது அச்சுமை எவர்மீது இறங்குகின்றது? மகள்மீது. எட்டு வயதுப் பெண்ணின் இடுப்பில் தம்பி ஏறுகின்றான். அவளைவிட இரண்டு வயது மூத்த அண்ணன் வாய்க்காலில் நீந்துகின்றான். அவள் பள்ளிக்குச் செல்லாத நாளில், தம்பிக்குக் காய்ச்சல் என்று காரணம் சொல்லப்படுகின்றது. அண்ணன் பள்ளிக்குச் செல்லாத நாளிலோ, அவன் ஆற்றுக்குப் போய்விட்டான் என்று சிரிப்போடு சொல்லப்படுகின்றது. சாண் பிள்ளையானாலும் ஆண் பிள்ளை என்னும் பழமொழியை நம் பாட்டிமார் பெருமையோடு சொல்வர். அச்சாண் அளவுப் பெருமைக்காக ஒரு பெண்ணின் இளமை முழுவதும் அளந்து கொடுக்கப்படுவதை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆகலின் நாம் கூறுவது யாதெனில், ஆண் பிள்ளை வீட்டு வேலையில் தன் பங்கைச் செய்தாக வேண்டும். அதற்குப்பின் அவன் காட்டில் திரியட்டும் என்பதே. எளிய கருத்துத்தான், ஆனால் இதற்கு எழும் மறுப்புகள் எளியன அல்ல. அவற்றுள் முதன்மையானதை முதலில் எடுத்துக்கொள்வோம்.

"பிள்ளைகளை வேலையிலிருந்து மீட்பதற்கன்றோ சீர்திருத்தக்காரர் போராடினர்? இப்பொழுது நீரே அவர்களை வேலைக்கு அழைக்கின்றீரே!" என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. பெற்றோருக்கு உதவியாகச் சிறுவரும் சிறுமியரும் நிரைக்குச் சென்று மங்கு துடைத்ததும், ஒட்டுப்பால் பொறுக்கியதும், பால் சேர்த்ததும் நம் வரலாறு. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. பல இடங்களில் அப்பள்ளி ஓர் அறையும் ஓர் ஆசிரியருமாகவே நின்றது. 1966-இல் சிறுவர், இளையோர் வேலை பற்றிய தனிச்சட்டம் வந்தது. 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயமாயிற்று. இத்தனை நெடிய வழி நடந்து மீட்ட பிள்ளையை மீண்டும் சுமைக்குள் தள்ளலாமா?

தள்ளக் கூடாது. ஆனால் சுமை என்பது வேறு. பங்கு என்பது வேறு. இரண்டையும் பிரித்தறிய மூன்று வினாக்கள் போதும். முதலாவது: வேலையின் பயன் எவரைச் சேர்கின்றது? நிரையில் சிறுவன் பொறுக்கிய ஒட்டுப்பாலின் ஆதாயம் கடல்கடந்து சென்றது. வீட்டில் அவன் கழுவும் தட்டில் அவனே உண்கின்றான். இரண்டாவது: அவ்வேலை பள்ளியையும் விளையாட்டையும் விழுங்குகின்றதா? விழுங்குமாயின் அது எந்தப் பெயரில் வந்தாலும் கொடுமையே. அரைமணி நேரம் தண்ணீர் நிரப்புவதும் விறகு அடுக்குவதும் அரிசி களைவதும் பிள்ளையின் பகலை விழுங்கிவிடா. மூன்றாவது: அவ்வேலை எல்லார்க்கும் பொதுவானதா? வலியவர் படுத்திருக்க எளியவர் செய்வது சுமை; அனைவரும் எழுந்து நிற்க அவரவர் ஆற்றலுக்கேற்பச் செய்வது பங்கு. இம்மூன்று வினாக்களையும் வைத்துப் பார்ப்பவர்க்கு ஒன்று விளங்கும். சிறுவனைப் பங்கிலிருந்து விலக்கும் வீடு, பிள்ளை உழைப்பை ஒழித்த வீடன்று. அவனுடைய பங்கையும் சேர்த்து அவன் தங்கையின் தலையில் வைத்து, அவளைப் பிள்ளை உழைப்பில் தள்ளிய வீடு.

இப்பிழையில் நம் பாமர மக்கள் மட்டும் வீழ்ந்தனர் என்று எண்ணற்க. உலகம் போற்றும் அறிஞரும் இதில் வழுக்கியிருக்கின்றனர். பிரெஞ்சு மொழியில் எழுதிய ரூசோ 1762-இல் 'எமில்' என்னும் நூலை வெளியிட்டார். நகரத்தின் போலி நாகரிகத்தினின்று விலக்கி, நாட்டுப்புறத்தில் இயற்கையின் மடியில் ஒரு சிறுவனை வளர்க்கும் முறையை அந்நூல் விரிக்கின்றது. சிறுவன் எமில் ஓடி விழுந்து கற்கின்றான்; ஏட்டைவிட அனுபவத்தை நம்புகின்றான்; கையால் உழைத்து வாழத் தச்சுத்தொழிலும் பழகுகின்றான். பிள்ளை வளர்ப்பைப் பற்றி உலகம் நினைத்ததையே மாற்றிய நூல்களுள் அஃதொன்று. ஆனால் அதன் கடைசிப் பகுதியில் எமிலுக்கு மனைவியாக வரும் சோஃபி தோன்றுகின்றாள். அவளுக்கு விதிக்கப்பட்ட கல்வி எது? ஆணுக்கு இனியவளாகவும் பயனுள்ளவளாகவும் இருக்கப் பழகுவதே. எமிலின் சுதந்திரத்திற்குச் சோஃபி விலையாக வைக்கப்பட்டாள். இந்நூலை எழுதியவர் தமக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளையும் அநாதை விடுதியில் விட்டவர் என்பதும் வரலாறு. காகிதத்தில் பிள்ளை வளர்ப்பது எளிது. வீட்டில் பிள்ளையின் தட்டைக் கழுவுவார் ஒருவர் வேண்டுமே!

ரூசோ ஏட்டில் கண்ட கனவை நிலத்தில் நடத்திப் பார்த்த இடமொன்றும் உண்டு. அதில் நம் தமிழ்க் குடும்பங்களும் வாழ்ந்தன. 1910-இல் தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில், காலன்பாக் என்னும் ஜெர்மானிய யூத நண்பர் அளித்த ஏறத்தாழ 1,100 ஏக்கர் நிலத்தில், காந்தியார் டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தார். சிறைசென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே தங்கின. அவர்களுள் தமிழர் பலர். நிலத்தில் ஆயிரம் அளவில் பழமரங்கள் இருந்தன. வேலைக்காரர் எவருமில்லை. சமையல் முதல் துப்புரவு வரை அனைத்தையும் அங்கிருந்தோரே செய்தனர். சிறுவர் குழி தோண்டினர், மரம் வெட்டினர், சுமை தூக்கினர். பின் படித்தனர், ஆடினர். காந்தியாரின் வருணாசிரமக் கொள்கையை நாம் ஏற்பவரல்லர்; எனினும் மலம் அள்ளுவதையும் பொதுவேலையாக்கிய அப்பண்ணையின் ஒழுங்கு போற்றத்தக்கது. வேலை செய்தமையால் அச்சிறுவர் மகிழ்ச்சி இழந்ததாக எவரும் எழுதவில்லை.

ஆயினும் அங்கேயே மற்றொன்றும் நடந்தது. இளைஞன் ஒருவன் இரு பெண்களைக் கேலி செய்தான். காந்தியார் இளைஞர்களைக் கண்டித்தார். ஆனால் அதனோடு நில்லாமல், ஆண்களின் கண்ணுக்கு எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று, அவ்விரு பெண்களின் நீண்ட கூந்தலைத் தம் கையாலேயே வெட்டினார். இதனைத் தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரக வரலாற்றில் அவரே எழுதியிருக்கின்றார். குற்றம் புரிந்தவன் இளைஞன். கூந்தல் இழந்தவர் பெண்கள். வேலையைச் சமமாகப் பங்கிட்ட இடத்திலும் பொறுப்பைச் சமமாகப் பங்கிட மனம் வரவில்லை. இதிலிருந்து நாம் கற்பது யாது? ஆண் பிள்ளையின் கையில் துடைப்பத்தைக் கொடுத்தால் மட்டும் போதாது. தன் செயலின் விளைவைத் தானே ஏற்கவேண்டும், அதனைப் பெண்ணின்மேல் ஏற்றக்கூடாது என்னும் அறிவையும் கொடுக்கவேண்டும். துடைப்பம் அதற்குத் தொடக்கமே.

இரண்டாவது மறுப்பைத் தாயே கூறுவாள். "என் பிள்ளைக்கு நான் செய்கின்றேன், இதில் பிறர்க்கென்ன நட்டம்? அன்போடு செய்வதைக் கணக்குப் பார்க்கலாமா?" என்பாள். அவள் அன்பு மெய்யானது. அதனை நாம் ஐயுறவில்லை. ஆனால் அன்பிற்கு ஓர் உரைகல் உண்டு. இன்று முடியாது என்று சொல்லும் உரிமை உடையவர் செய்வதே அன்பு. காய்ச்சலில் கிடக்கும் நாளிலும் எழுந்து செய்யாவிடில் வசைச்சொல் வருமாயின், அது அன்பின் உருவில் வந்த கட்டளை. அன்றியும், அன்பினால் பிள்ளைக்கு எல்லாம் செய்து கொடுக்கும் தாய், தான் இல்லாத நாளில் பசித்திருக்கவும், பிறர் கையை எதிர்பார்க்கவும், கிடைக்காதபோது மனைவியிடம் சினக்கவும் அவனைப் பழக்குகின்றாள். தன் மருமகளுக்கு வரப்போகும் எசமானனைத் தானே சோறூட்டி வளர்க்கின்றாள். 1942 முதல் 1945 வரை நடந்த ஜப்பானியர் ஆட்சியில், சயாம்–பர்மா இருப்புப் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டனர், திரும்பாதோர் மிகப்பலர். தந்தையை இழந்த அத்தகைய வீடுகளில், இது ஆண் வேலை, இது பெண் வேலை என்று எவர் பிரித்துக்கொண்டிருக்க முடியும்? பேரிடர் வந்தால் உடையும் வேலி, இயற்கை இட்ட வேலியன்று; மனிதர் இட்டதே.

மூன்றாவது மறுப்பு ஊராரிடமிருந்து வருவது. அடுப்படியில் நிற்கும் ஆண் பெண்ணாகிவிடுவான் என்பர். இவர்களைப் பாகான் செராய்க் கடைத்தெருவுக்கு அழைத்துச் சென்றால் போதும். உணவுக்கடையில் ரொட்டி தட்டுபவர் யார்? கலியாண வீட்டில் அண்டா வைத்துச் சமைப்பவர் யார்? சலவைக்கடையில் துணி தேய்ப்பவர் யார்? பெரும்பாலும் ஆண்களே. கூலி கிடைக்குமாயின் சமையல் ஆண்மைக்கு இழுக்கில்லை. கூலி இல்லையெனின் அஃது உடனே பெண் வேலையாகிவிடுகின்றது! ஆகவே இவர்கள் காப்பது ஆண்மையை அன்று, இலவச உழைப்பை. இதனை மறைக்கச் சாத்திரத்தையும் பழமொழியையும் துணைக்கழைக்கின்றனர்.

இனிச் செய்யத்தக்கது யாது? முதலில் தந்தை எழவேண்டும். மகனை ஏவிவிட்டுத் தான் நாற்காலியில் அமர்ந்திருக்கும் தந்தை, வேலையைக் கற்பிக்கவில்லை. பெரியவனானால் தானும் இவ்வாறு அமரலாம் என்னும் ஆசையைக் கற்பிக்கின்றான். தந்தை அரிசி களைந்தால் மகன் காய் நறுக்குவான். தந்தை துணி துவைத்தால் மகன் உலர்த்துவான். அடுத்து, வேலையைத் தண்டனையாக்குதல் கூடாது. குற்றம் செய்த நாளில் மட்டும் பெருக்கச் சொல்லப்படும் பிள்ளை, பெருக்குகின்றவரெல்லாம் குற்றவாளிகள் என்றே கருதுவான். நாள்தோறும் பெருக்கும் தன் தாயைப் பற்றியும் அவ்வாறே எண்ணுவான். மூன்றாவதாக, தங்கைக்கும் காட்டின் வாயிலைத் திறந்துவிட வேண்டும். அண்ணன் அரைமணி நேரம் தம்பியைத் தூக்கிக்கொண்டால், அவள் அந்த அரைமணி நேரம் வாய்க்காலில் தூண்டில் போடலாமன்றோ? மீனுக்கு ஆண் கை, பெண் கை என்னும் வேறுபாடு தெரியாது.

இவ்வாறு வளரும் சிறுவனுக்குக் காடு குறைந்துவிடுமோ என்று அஞ்சவேண்டா. தன் பங்கைச் செய்துவிட்டு ஓடுகின்றவனுக்கே காடு முழுமையாகக் கிடைக்கின்றது. அவன் நுகரும் மகிழ்ச்சியின் அடியில் எவருடைய முதுகும் வளைந்திருப்பதில்லை.

1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கு ஆணோடு ஒத்த சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. அவ்வாண்டு டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்து, நம் பேராக் மாநிலத்து ஈப்போவில் கூடிய தமிழர் மாநாட்டில் கலந்துகொண்டார். அதன்பின் எத்தனையோ மேடைகள், எத்தனையோ தீர்மானங்கள். மேடையில் பெண் விடுதலை பேசிவிட்டு இரவில் வீடு திரும்பும் அன்பர், மூடிவைத்த சோற்றை எடுத்துப் போடவும் மனைவியை எழுப்புவாராயின், அவருடைய மகன் எதனை நம்புவான்? கேட்ட பேச்சையா, கண்ட செயலையா? பிள்ளைகள் செவியைவிடக் கண்ணையே நம்புவர்.

சொத்துரிமைக்குச் சட்டம் வேண்டும். அதற்கு ஆட்சி இணங்கவேண்டும். கூலி உயர்வுக்குச் சங்கம் வேண்டும். அதற்கு முதலாளி இணங்கவேண்டும். இச்சீர்திருத்தத்திற்கோ எவர் இணக்கமும் வேண்டா; நாளை விடியுமுன் தந்தையும் மகனும் எழுந்தால் போதும். மற்றவர் உழைப்பில் திரிவது சுதந்திரமன்று, சலுகையே என்பதைத் தோட்டத்து வீட்டுச் சிறுவன் பத்து வயதில் அறிவானாயின், முப்பது வயதில் அவனுக்கு அதனை எடுத்துச் சொல்ல ஒரு மாநாடு கூட்டவேண்டிய தேவை இராது.